காய்ச்சல் விட்டதும் கவனம் தேவை

ஐப்பசி, கார்த்திகை மழை பிடித்துவிட்டால் புதுச்சேரி கோரிமேட்டு ஜிப்மரிலும், எல்லைப்பிள்ளைச்சாவடி ராஜீவ் காந்தி அரசு மகளிர், குழந்தைகள் மருத்துவமனையிலும் காய்ச்சல் பிள்ளைகள் வரத்து கூடும். டெங்கு என்று தெரிந்ததும் பெற்றோர் கேட்பது ஒன்றுதான்: "நேத்தே ஜுரம் விட்டுடுச்சே, இப்போ எதுக்கு டாக்டர் அட்மிஷன்?"

மற்றக் காய்ச்சல்களில் நியாயமான கேள்வி. டெங்குவில் ஆபத்துக் கட்டமே அப்போதுதான் தொடங்குகிறது. பெரும்பாலும் காய்ச்சல் தொடங்கியதிலிருந்து 3ஆம் நாளுக்கும் 7ஆம் நாளுக்கும் இடையில், 24 முதல் 48 மணி நேரம்.

ரத்தக் குழாயின் உட்சுவரில் சர்க்கரைப் பொருள்களால் ஆன மெல்லிய படலம் ஒன்று உண்டு. வைரஸ் வெளிவிடும் என்.எஸ்.1 புரதமும், உடலே சுரக்கும் எதிர்ப்புப் பொருள்களும் அதைக் குலைக்கின்றன. ரத்தத்தின் நீர்ப்பகுதி வயிற்றுக்குள்ளும் நெஞ்சுக்குள்ளும் கசிகிறது. பெரியவர்களைவிடக் குழந்தைகளின் நுண்குழாய்கள் எளிதில் கசியும். தண்ணீர் வற்றிய குழம்புபோல மிஞ்சிய ரத்தம் கெட்டிப்படும். ஹெமடோகிரிட் பரிசோதனை காட்டுவது இதைத்தான். 36ஆக இருந்தது 43ஐத் தொட்டால், ஏறத்தாழ 20 சதவீத உயர்வு. கசிவு வலுத்துவிட்டது என்று பொருள்.

நாமோ பிளேட்லெட் (தட்டணு) எண்ணிக்கையையே கேட்டுக்கொண்டிருக்கிறோம். அது குறைந்தாலும், ரத்தக்கசிவு இல்லாத குழந்தைக்குப் பொதுவாகத் தட்டணு ஏற்றத் தேவையில்லை. பப்பாளி இலைச்சாறு தேடி அலைகிற நேரத்தில் பிள்ளை கடைசியாக எப்போது சிறுநீர் போனது என்று பார்ப்பது மேல்.

வார்டில் நர்ஸ் குழந்தையின் விரல் நுனியை அழுத்தி விடுவார். வெளுத்த இடம் 2 நொடிக்குள் சிவக்க வேண்டும். அடுத்து ரத்த அழுத்தம். 100/82 என்று வந்தால், "100 இருக்கே" என்று நமக்குத் தோன்றும். இரண்டுக்கும் இடைவெளி 20க்குள் சுருங்கியதே அதிர்ச்சி நிலையின் அடையாளம்.

கசிவு நின்றபின் வெளியேறிய நீர் தானாகவே ரத்தத்துக்குத் திரும்பும். அப்போதும் டிரிப்ஸ் ஓடினால் நீர் நுரையீரலில் சேர்ந்து மூச்சுத் திணறும். "டிரிப்ஸை ஏன் கழட்டிட்டீங்க?" என்று சண்டை போடாதீர்கள். பசி எடுப்பது, செந்தடிப்புக்கு நடுவே வெள்ளைத் திட்டுகள், அரிப்பு எல்லாம் தேறுவதன் அறிகுறிகள்.

டெங்குவைத் தடுக்கும் முயற்சியும் நம் ஊரில் உண்டு. இந்திரா நகரில் 1975 முதல் இயங்கும் நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம், வைரஸ் வளர்ச்சியைத் தடுக்கும் வோல்பாக்கியா பாக்டீரியாவைச் சுமக்கும் ஏடிஸ் கொசுக்களை உருவாக்கியிருப்பதாக 2022இல் அறிவித்தது. நம் ஊருக்குப் பெருமைதான். ஆனால் இன்று காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்கு அது உதவாது.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும், மருத்துவர் சொன்ன அளவில் கொடுங்கள். இபுபுரூஃபன், ஆஸ்பிரின் கூடவே கூடாது. காய்ச்சல் விட்டபின் வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், சோர்ந்து கிடப்பது, கைகால் சில்லிடுவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.