ஒரு கிலோ ஏசி கேஸ், 900 லிட்டர் பெட்ரோல்… தெரியுமா?

உங்கள் வீட்டு ஏசியின் அவுட்டோர் யூனிட்டில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை என்றாவது படித்ததுண்டா? ஆர்-22, ஆர்-410ஏ, ஆர்-32 என்று ஏதாவது ஒன்று போட்டிருக்கும். உள்ளே ஓடும் கேஸின் பெயர் அது. ஆர்-410ஏ என்றிருந்தால் கொஞ்சம் நின்று கவனியுங்கள். அதில் ஒரே ஒரு கிலோ காற்றில் கலந்தால், நூறாண்டுக் கணக்கில் 2,088 கிலோ கார்பன் டை ஆக்சைடு பூமியை எவ்வளவு சூடாக்குமோ அவ்வளவு சூடாக்கிவிடும்! சுமார் 900 லிட்டர் பெட்ரோலை எரித்ததற்குச் சமம். கண்ணுக்கும் தெரியாது. “கேஸ் லீக் ஆயிடுச்சு சார், ஏத்தணும்” என்று மெக்கானிக் சொல்லும்போது, பழைய கேஸ் ஏற்கெனவே வானம் ஏறியிருக்கும்.

குளிரூட்டும் கேஸ் பூமியைச் சூடாக்கும் என்று கணக்குப் போட்டு உலகுக்குச் சொன்னவர் ஒரு தமிழர், தெரியுமா? வீரபத்ரன் ராமநாதன். சென்னையில் பிறந்தவர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவர். முதல் வேலை செகந்திராபாத்தில், ஒரு ஃபிரிட்ஜ் கம்பெனியில். என்ன வேலை என்கிறீர்கள்? பெட்டியிலிருந்து கேஸ் ஏன் இவ்வளவு வேகமாகக் கசிகிறது என்று கண்டுபிடிக்கும் வேலை!

அங்கிருந்து பெங்களூர் இந்திய அறிவியல் கழகம், பிறகு அமெரிக்கா. 1974இல் மோலினா, ரோலண்ட் என்ற இரு விஞ்ஞானிகள், குளோரோஃபுளோரோகார்பன் கேஸ்கள் ஓசோன் படலத்தை அரிக்கும் என்று எழுதினார்கள். ராமநாதனுக்கு வேறு கேள்வி எழுந்தது. இந்த மூலக்கூறுகள் வெப்பத்தை என்ன செய்கின்றன? பூமி வெளியேற்றும் அகச்சிவப்புக் கதிர்களில் ஒரு பகுதியைக் கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் அவ்வளவாகப் பிடிப்பதில்லை. அந்த ஜன்னல் வழியாகத்தான் நிறைய வெப்பம் விண்வெளிக்குத் தப்புகிறது. இந்த கேஸ்கள் போய் அடைப்பது சரியாக அந்த ஜன்னலைத்தான்! ஒரு மூலக்கூறு, கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறுகள் பத்தாயிரம் செய்யும் வேலையைச் செய்யும். 1975இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளிவந்தது அந்தக் கட்டுரை. கசிவைத் தேடிய இளைஞரே, கசிந்தது மேலே போய் என்ன செய்கிறது என்பதையும் கண்டுபிடித்தார்! நம் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் சொல்ல வேண்டிய கதை இது.

அந்தக் குளோரோஃபுளோரோகார்பன் கேஸ் பிறந்த கதையும் வியப்புதான். முதலில் ஃபிரிட்ஜில் ஓடியவை அம்மோனியா, சல்பர் டை ஆக்சைடு, மீத்தைல் குளோரைடு. கசிந்தால் உயிருக்கே ஆபத்து. 1928இல் தாமஸ் மிட்ஜ்லி என்ற விஞ்ஞானி இந்தப் புது கேஸை உருவாக்கினார். விஷமில்லை, தீப்பிடிக்காது என்று காட்ட, விஞ்ஞானிகள் கூட்டத்தில் அதை மூச்சில் இழுத்து, மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தே காட்டினார்!

ஓசோனைக் காக்க 1987இல் மாண்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது. உலக நாடுகள் அத்தனையும் சேர்ந்த ஒப்பந்தம் அது. குளோரினை நீக்கிய ஹைட்ரோஃபுளோரோகார்பன்கள் வந்தன. ஓசோன் தப்பியது, சூடு தப்பவில்லை. ஆர்-410ஏ இந்த ரகம்தான். ஆகவே 2016 அக்டோபரில் ருவாண்டாவின் கிகாலி நகரில் விடிய விடியப் பேசி, இவற்றையும் படிப்படியாகக் குறைக்க அந்த ஒப்பந்தத்தைத் திருத்தினார்கள். சரியாக நிறைவேறினால் இந்த நூற்றாண்டின் இறுதிக்குள் அரை டிகிரி வரை சூட்டைத் தவிர்க்கலாம் என்பது கணக்கு. ஒரே திருத்தத்தில் அரை டிகிரி! இந்தியா 2028இல் உச்சவரம்பு கட்டி, 2032இல் 10 சதவீதம், 2047க்குள் 85 சதவீதம் குறைக்க வேண்டும்.

பதிலுக்கு எது வரும்? இன்றைய ஃபிரிட்ஜ்களில் ஆர்-600ஏ என்று பாருங்கள். அது ஐசோபியூட்டேன், நம் சமையல் கேஸின் குடும்பம்! ஆர்-290 என்றால் புரொப்பேன். 2012லேயே கோத்ரெஜ் அதை ஏசியில் கொண்டுவந்துவிட்டது. இரண்டும் தீப்பற்றும் என்பதால் கொஞ்சமாகத்தான் நிரப்புவார்கள். ஆர்-744 என்ன தெரியுமா? கார்பன் டை ஆக்சைடேதான்! ஐரோப்பாவில் பல சூப்பர் மார்க்கெட்டுகளின் குளிர்பெட்டிகளில் ஓடுவது அதுதான்.

புது கேஸ் வரட்டும். பழைய பெட்டிகளில் இருப்பதை வெளியே விடாமல் இருப்பது இன்றே முடியும். வீடு மாற ஸ்பிளிட் ஏசியைக் கழற்றும்போது, அவசரக்காரர்கள் நட்டைத் தளர்த்தி ‘புஸ்’ஸென்று கேஸை விட்டுவிடுவார்கள். முறையான வழி ‘பம்ப் டவுன்’. ஏசியைக் குளிரில் ஓடவிட்டு, சின்னக் குழாயின் வால்வை ஆலன் கீயால் மூட வேண்டும். கேஸ் அவுட்டோர் யூனிட்டுக்குள் வந்து சேர்ந்ததும் பெரிய குழாயின் வால்வையும் மூடி, உடனே சுவிட்சை அணைக்க வேண்டும். சில நிமிட வேலைதான். பக்கத்திலேயே நின்று, “பம்ப் டவுன் பண்ணிட்டுக் கழட்டுங்க தம்பி” என்று சொல்லுங்கள். புது வீட்டில் கேஸ் ஏற்றும் காசும் பெரும்பாலும் மிச்சம்!