மாடு மேயும் நிலத்துக்கு யார் பொறுப்பு?

நீலாயில் ரயிலேறி சிரம்பானுக்குப் போகிற வழியில் அடுத்த நிறுத்தம் லாபு. இருபுறமும் செம்பனை, அதற்கு முன்பு பால்மரம். இந்தத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்த தமிழர் வீடுகளில், லயத்துக்குப் பின்னால் ஒரு மாட்டுக் கொட்டகை இருப்பது வழக்கம். அன்று நாள் கூலிதான் சம்பளம். மழை பெய்தால் பால்வெட்டு இல்லை, கூலியும் இல்லை. அந்த நாட்களில் அடுப்பெரிந்தது பால் விற்ற காசில். பிள்ளையின் பள்ளிச் செலவுக்கும் மகள் கல்யாணத்துக்கும் கைகொடுத்ததும் மாடுதான்.

அந்த மாட்டுக்கு அரசாங்கத்தில் யார் பொறுப்பு? மலேசிய அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணைப்படி நிலமும் வேளாண்மையும் மாநிலத்தின் அதிகாரம். கால்நடை வளர்ப்பு மத்திய அரசுக்கும் மாநிலத்துக்கும் பொது. அத்துமீறி மேயும் மாட்டைப் பிடித்து அடைக்கும் பட்டிகூட மாநிலப் பட்டியலில் எழுதப்பட்டிருக்கிறது. ஆக, ஒரு மாட்டின் வாழ்வில் பெரும்பகுதி மாநிலத் தலைநகரான சிரம்பானில் முடிவாகிறது. 36 பேர் கொண்ட நெகிரி செம்பிலான் சட்டமன்றம் அதைக் கேட்டாக வேண்டும்.

கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை இந்த மாநிலம் ஒருமுறை பார்த்துவிட்டது. லாபுவுக்குத் தென்மேற்கே, போர்ட்டிக்சன் மாவட்டத்தில் இருக்கும் புக்கிட் பெலாண்டோக், சுங்கை நிப்பா ஆகிய ஊர்களை உலகமே அறிந்தது 1999-இல். அதற்கு முந்தைய ஆண்டு ஈப்போ பக்கம் பன்றிப் பண்ணைகளில் தொடங்கிய மூளைக்காய்ச்சல், பன்றிகளை ஏற்றிய லாரிகளோடு நெகிரி செம்பிலானுக்கு வந்தது. கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே முதலில் எடுத்துக்கொண்டார்கள். புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். நோய் நிற்கவில்லை.

பண்ணைக்காரர்களோ வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பன்றிகள் இருமின. தொலைவிலிருந்தே கேட்கும், நாய் குரைப்பதைப் போன்ற இருமல். ஜப்பானிய மூளைக்காய்ச்சலில் பன்றி அப்படி இருமாது. அந்த நோய் பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்கும். இங்கே விழுந்தவர்களோ பன்றியைத் தொட்டு வேலை செய்த பெரியவர்கள். தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களும் விழுந்தார்கள். 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் புதிய வைரஸைப் பிரித்தெடுத்தபோதுதான் விடை கிடைத்தது. சுங்கை நிப்பாவின் பெயரால் அது நிப்பா ஆனது. மலேசியாவில் 265 பேருக்கு நோய், 105 பேர் மரணம். இறந்தவர்களில் பெரும்பாலோர் சீனர்கள். பண்ணைகளில் கூலிவேலை செய்த இந்தியர்களும் பாதிக்கப்பட்டார்கள். நோய் பரவிய பகுதிகளில் மட்டும் 9 இலட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளைக் கொன்று புதைத்தார்கள்.

அந்த இருமலைப் பற்றிப் பண்ணைக்காரர் சொல்ல, சுகாதாரத் துறையும் கால்நடைச் சேவைத் துறையும் ஒரே மேசையில் உட்கார்ந்து கேட்க, ஓர் இடம், அதாவது கால்நடைக்கென ஒரு சட்டமன்றக் குழு, இருந்திருக்க வேண்டும் என்பதே என் வாதம். வைரஸைக் கண்டுபிடிப்பது அந்தக் குழுவின் வேலையல்ல. ஆனால் "தடுப்பூசி போட்டவருக்கும் ஏன் வருகிறது?" என்ற கேள்வியை அதிகாரியிடம் பொதுவில் கேட்டுப் பதிலைப் பதிவு செய்வது அதன் வேலைதான்.

இது கைக்கெட்டாத கனவல்ல. கேரள சட்டமன்றத்தில் 1980 முதல் துறைவாரிக் குழுக்கள் இயங்குகின்றன. முதலாவது குழுவின் பொறுப்பே வேளாண்மை, கால்நடை, மீன்வளம். துறை கேட்கும் பணத்தை அவைக்கு வருமுன் குழு ஆராய்கிறது. நமக்குப் பக்கத்து மாநிலமான சிலாங்கூர் 2008-இலேயே செல்கேட் என்ற சட்டமன்றத் தேர்வுக் குழுவை அமைத்துப் பொது விசாரணைகளை நடத்தியது. ஆட்சிக்குழுவில் வேளாண்மைக்குப் பொறுப்பாளர் இருக்கிறாரே என்பார்கள். அவர் செயல்படுத்துபவர். செயல்பட்டதைச் சோதிக்க, ஆட்சிக்குழுவில் இல்லாத சட்டமன்ற உறுப்பினர்கள் வேண்டும். எதிர்க்கட்சியினரும் அதில் இருக்க வேண்டும்.

அப்படி ஒரு குழு லாபுவுக்கு வந்தால் முதலில் நிலத்தைப் பற்றித்தான் கேட்க வேண்டும். செம்பனைக்கு அடியில் மாடு மேய்ந்தால் இளங்கன்றின் குருத்தைத் தின்றுவிடும், மண் இறுகிவிடும் என்கிறது தோட்ட நிர்வாகம். மருந்தடித்த புல்லைத் தின்று மாடு சாகிறது என்கிறார் மாட்டுக்காரர். இரண்டிலும் உண்மை இருக்கிறது. மின்வேலி போட்டு, முதிர்ந்த மரங்களுக்கு நடுவே பகுதி பகுதியாக மேயவிட்டால் களையும் குறையும், மாடும் பிழைக்கும். இம்முறை மலேசியத் தோட்டங்களில் பல்லாண்டுகளாகவே உண்டு. மருந்தடிக்கும் நாளை முன்கூட்டியே சொல்வதற்குச் செலவே கிடையாது. இதைத் தோட்டத்துக்கும் மாட்டுக்காரருக்கும் இடையே எழுத்தில் கொண்டுவர நடுவில் ஒருவர் வேண்டும், அவ்வளவுதான்.

தோட்டத்தை விட்டு வெளியே வந்தவர் பாடு இன்னும் மோசம். அரசு நிலத்துக்கு நில அலுவலகம் தரும் தற்காலிக உரிமம், நம்மவர்கள் டி.ஓ.எல். என்று சொல்லும் அந்தக் காகிதம், எந்த மாதம் வாங்கினாலும் டிசம்பர் 31-ஐத் தாண்டாது. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். அதை நம்பி யார் சிமென்ட் தரை போட்டுக் கொட்டகை கட்டுவார்? எந்த வங்கி கடன் தரும்?

லாபு நிலத்தின் மீது பெரிய கண்கள் எப்போதும் உண்டு. 2009 ஜனவரியில் சைம் டார்பியும் ஏர் ஏசியாவும் இங்கே ஒரு விமான நிலையம் கட்டப்போவதாக அறிவித்தன. அந்த மாதம் முடிவதற்குள் அது கைவிடப்பட்டது. பின்னர் நீலாய், லாபு, சிரம்பான், போர்ட்டிக்சன் வரை நீளும் மலேசியா விஷன் வேலி திட்டம் வந்தது. வளர்ச்சி வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் வரைபடத்தில் தொழிற்பேட்டைக்கும் வீட்டுமனைக்கும் நிறம் தீட்டுகிறவர்கள், மேய்ச்சலுக்கும் ஒரு நிறம் ஒதுக்கினார்களா என்று அவையில் யாராவது கேட்க வேண்டும்.

மாநில பட்ஜெட் ஆண்டுக் கடைசியில் தாக்கலாகிறது. அதற்கு இரண்டு மாதம் முன்பு, நில அலுவலக அதிகாரியையும் கால்நடை மருத்துவரையும் தோட்ட மேலாளரையும் அழைத்து, லாபு சமூக மண்டபம் ஒன்றில் சட்டமன்ற உறுப்பினர்கள் ஒருநாள் அமரட்டும். தமிழில் பேசுகிறவருக்கு மொழிபெயர்ப்பாளரும் இருக்கட்டும். எத்தனை குடும்பம், எத்தனை மாடு, எத்தனை ஏக்கர் தேவை என்ற கணக்கு அன்றே எழுத்தில் ஏறினால், பட்ஜெட்டில் அதற்கென ஓர் ஒதுக்கீடு கேட்கலாம்.