அட்டாரி கேட் மூடினால் அடி யாருக்கு?

நாட்டு மருந்துக் கடையில் கேட்டு வாங்குகிறோமே இந்துப்பு, அது காலங்காலமாக வந்தது பாகிஸ்தானின் கேவ்ரா சுரங்கத்திலிருந்து. லாகூருக்கும் அமிர்தசரஸுக்கும் இடையே சுமார் 50 கிலோமீட்டர்தான். நடுவில் அட்டாரி - வாகா எல்லை. 2007 வரை லாரிகள் எல்லைக் கோட்டைத் தாண்ட முடியாது. அந்தப் பக்கத்துச் சுமைக்கூலி தலையில் கொண்டுவரும் மூட்டையை, இந்தப் பக்கத்துக்காரர் எல்லைக் கோட்டில் நின்று தன் தலைக்கு மாற்றிக்கொள்வார். பிறகு லாரிகள் வந்தன. 2012இல் பெரிய சோதனைச் சாவடியும் வந்தது. சுற்றுவட்டாரக் கிராமங்கள் மூட்டை இறக்கியே பிழைத்தன.

காஷ்மீரின் புல்வாமாவில் தாக்குதல் நடந்த இரண்டே நாளில், 2019 பிப்ரவரி 16 அன்று, பாகிஸ்தான் சரக்குக்கு இந்தியா 200 சதவீத சுங்கவரி போட்டது. 100 ரூபாய்ப் பொருளுக்கு 200 ரூபாய் வரி கட்டி யார் இறக்குவார்? சிமென்ட், ஜிப்சம், பேரீச்சை எல்லாம் நின்றுபோயின. ஆகஸ்டில் காஷ்மீர் விவகாரத்தை முன்வைத்துப் பாகிஸ்தானும் வர்த்தகத்தை நிறுத்தியது. ஆனால், அடுத்த மாதமே இந்திய மருந்துகளுக்கு மட்டும் விலக்கு கொடுக்க வேண்டியிருந்தது. நோயாளிக்கு மாத்திரை வேண்டுமே!

தேசப் பாதுகாப்பு என்று வரும்போது வியாபாரம் பின்னால்தான் நிற்க வேண்டும் என்பார்கள். அதில் நியாயம் உண்டு. ஆனால், அந்த விலையைக் கொடுப்பது யார் என்பதே என் கவலை. பெரிய ஏற்றுமதியாளர் துபாய் வழியாகச் சரக்கைச் சுற்றி அனுப்பிச் சமாளித்தார். அட்டாரிக் கூலித் தொழிலாளிக்கு ஏது துபாய்?

2019க்குப் பிறகு அவர்களுக்குக் கைகொடுத்தது, பாகிஸ்தான் சாலை வழியே வந்த ஆப்கானிஸ்தான் உலர்பழ லாரிகள்தான். 2025 ஏப்ரலில் காஷ்மீரின் பஹல்காமில் நடந்த தாக்குதலுக்குப் பிறகு சாவடியே மூடப்பட்டதும் அந்தப் பிழைப்பிலும் மண் விழுந்தது. மே 2ஆம் தேதி, வேறு நாடு வழியாகச் சுற்றி வரும் பாகிஸ்தான் பொருளுக்கும் இந்தியா தடை போட்டது. வழியில் சிக்கிய ஆப்கன் லாரிகளில் 160ஐ மட்டும் அந்த மாதம் உள்ளே விட்டார்கள். அதனால் கிடைத்தது சில நாள் கூலி.

மழை பொய்த்தால் விவசாயிக்கு நிவாரணம் தருகிறோம். கேட்டை மூடும் உத்தரவில் கையெழுத்துப் போடும்போதே, மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி வாங்கியவர்களின் பட்டியலையும் எடுத்து, கேட் திறக்கும் வரை மாதாமாதம் ஒரு தொகை தர வேண்டும். அவர்களுடைய பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தையும் அரசே ஏற்க வேண்டும்.