“அம்மா வரேல்லையா?”

போன மாரிகாலத்தில் ஒருநாள், நான் வேலை செய்யும் தாய் சேய் சுகாதார நிலையத்துக்கு ஒரு தமிழ்த் தம்பி பத்து மாதக் குழந்தையோடு வந்தார். வாய் தவறி, “அம்மா வரேல்லையா?” என்று கேட்டுவிட்டேன். “நான்தான் அக்கா அப்பா. இப்ப லீவு எனக்கு” என்றார். பிள்ளை எத்தனை தரம் எழும்புகிறது, எந்தச் சாப்பாட்டைத் துப்புகிறது, எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. தனியே வரும் தாயிடம் “அப்பா வரேல்லையா?” என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. அன்று எனக்கு வெட்கமாய் இருந்தது.

நோர்வேயில் தகப்பனுக்கென்று விடுமுறை ஒதுக்கியது 1993இல். அப்போது 4 கிழமை, இன்று 15 கிழமை. அவர் எடுக்காவிட்டால், பொதுவாக அது தாய்க்குப் போகாது, வீணாகிவிடும். சட்டம் இவ்வளவு தூரம் வந்துவிட்டது. கேள்வி கேட்கும் எங்கள் வாய்தான் இன்னும் வரவில்லை.

‘பார்னவெர்ன்’ என்ற பெயரைக் கேட்டாலே எங்கள் வீடுகளில் பயம். ஒரு முறைப்பாடு வந்தால் அவர்கள் ஒரு கிழமைக்குள் அதைப் பார்க்கவேண்டும். விசாரணை தொடங்கினால் வழமையாக மூன்று மாதத்துக்குள் முடிக்கவேண்டும். பெரும்பாலும் கிடைப்பது, பெற்றோரின் சம்மதத்தோடு வீட்டுக்கே வரும் உதவிதான். ஆனால் அங்கேயும் தொலைபேசி முதலில் தாய்க்கே அடிக்கும்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் (ஆட்கள் தெரியாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறேன்). அடித்தது தகப்பன். பிள்ளைகளை அடிப்பது இங்கே 1987 முதல் சட்டப்படி தடை. ஆனாலும் ஒவ்வொரு கூட்டத்திலும் தலைகுனிந்து பதில் சொன்னது தாய். அவருக்கு இரவு வேலை, “அது அவவின்ர அலுவல்” என்றிருந்துவிட்டார். அலுவலகமும் அவரைத் தேடவில்லை. ஒருவர் செய்த பிழைக்கு மற்றவர் கணக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். பிள்ளையோ அடித்தவரோடு அதே வீட்டில்.

பிறகு வந்த ஒரு உத்தியோகத்தர், அவருடைய வேலை முடியும் நேரத்துக்கே கூட்டத்தை வைத்தார். மொழிபெயர்ப்பாளரையும் கூப்பிட்டார். மகனை மொழிபெயர்க்க விடவில்லை, அது மிகச் சரி. வேலை உடுப்போடு வந்து இருந்த அந்த மனுஷன், தன் தகப்பனிடம் தான் பெல்ட்டால் வாங்கிய அடியைப் பற்றி முதல் தடவையாகப் பேசினார். சனிக்கிழமைகளில் மகனை நீச்சலுக்குக் கூட்டிப்போவது அவர்தான் என்பதும் அன்றுதான் தெரியவந்தது. அதுவரை எந்தக் கோப்பிலும் அது இல்லை.

தம்பி தங்கச்சிமாரே, நாளைக்கு நீங்கள் பெற்றோராகலாம், சமூக சேவையாளராகவும் ஆகலாம். “பிள்ளை பார்க்க மனுசிக்கு உதவி செய்கிறேன்” என்று ஒரு தகப்பன் சொன்னால் கொஞ்சம் யோசியுங்கள். தன் பிள்ளையைப் பார்ப்பதற்கு யார் உதவி என்று பெயர் வைத்தது?

எங்கள் ஆலயத்தில் பம்பர்ஸ் மாற்றும் மேசை பெண்கள் கழிவறைக்குள் இருக்கிறது. அதை வெளியே ஓடைக்கு மாற்றலாமா என்று சபைக் குழுவிடம் கேட்டேன், சரி என்றார்கள். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிய, தூக்குவதற்கு இரண்டு பேர் தேவை.