குழந்தையுடன் வெளிநாடு போகணும்... துணை சம்மதிக்கலைன்னா?

ஆஃபர் லெட்டர் வந்தாச்சு. அந்த ஊர்ப் பள்ளியில் சீட் கிடைக்குமா என்று விசாரிச்சாச்சு. வாடகை வீட்டைக்கூட வீடியோ காலில் பார்த்து வெச்சாச்சு. மிச்சம் இருப்பது ஒரே ஒரு கையெழுத்து. அது, பிரிந்து வாழும் கணவருடையது. அல்லது மனைவியுடையது. ‘கேட்டால் மாட்டேன்னு சொல்லிட்டா?’ என்ற பயத்தில், கேட்காமலேயே டிக்கெட் போட்டுவிடலாமா என்று மனசு கணக்குப் போடும் இடம் இதுதான்.

அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. குடும்ப நீதிமன்றம் என்றாலே வாய்தாதான் ஞாபகத்துக்கு வருகிறது. வேலை கொடுத்த நிறுவனம் அதுவரை காத்திருக்காது. ஆனால், 2010-லிருந்து உச்ச நீதிமன்றம் கொடுத்த சில தீர்ப்புகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படுகிறது. முன்கூட்டியே அனுமதி கேட்டு வந்தவர்களுக்குக் கதவு திறந்திருக்கிறது. சொல்லாமல் கிளம்பியவர்களில் சிலர், புதுப் பள்ளிக்குப் பழகிவிட்ட பிள்ளைக்கு மறுபடி பெட்டி கட்ட நேர்ந்திருக்கிறது.

பாஸ்போர்ட் கிடைத்துவிட்டால் போதுமா?

18 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்கு பாஸ்போர்ட் எடுக்க, அப்பா, அம்மா இருவரும் கையெழுத்திடும் படிவம் ‘அனெக்சர் டி’. ஒருவர் சம்மதம் தரவில்லை அல்லது தனித்து வாழ்கிறீர்கள் என்றால், ஒருவர் மட்டும் உறுதிமொழி தரும் ‘அனெக்சர் சி’ இருக்கிறது. தனியாகப் பிள்ளை வளர்க்கும் எத்தனையோ அம்மாக்களுக்கு இது பெரிய உதவி. ஆனால் அதில் எழுதுவதெல்லாம் உண்மையாக இருக்க வேண்டும். வழக்கு நடப்பதையோ, நீதிமன்றம் போட்ட உத்தரவையோ மறைத்து எழுதினால், பாஸ்போர்ட் சட்டத்தின் 12-வது பிரிவின்படி அது குற்றம். சிறை வரைக்கும் போகும்.

பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. பாஸ்போர்ட்டுக்குக் கொடுத்த சம்மதம், குடிபெயர்வதற்குக் கொடுத்த சம்மதம் ஆகாது. ‘லீவுக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வா’ என்று வாட்ஸ்அப்பில் வந்த ஒரு வரியும் அப்படித்தான். எந்த நாடு, எவ்வளவு காலம், எந்த விசாவில் என்பதெல்லாம் எழுத்தில் இருந்து, நோட்டரி முன் கையெழுத்தான ஒப்புதல்தான் பின்னால் உதவும். சில நாடுகள் அதன்மேல் வெளியுறவுத் துறையின் அபோஸ்டில் முத்திரையும் கேட்கும்.

‘அம்மா கையெழுத்து மட்டும் போதாதா?’ என்ற கேள்விக்கு ஒரு சரித்திரமே இருக்கிறது. எழுத்தாளர் கீதா ஹரிஹரன், தன் மகன் பெயரில் பத்திரம் வாங்க விண்ணப்பித்தபோது, அப்பாவின் கையெழுத்து வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கேட்டது. அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1956-ம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம், பிள்ளைக்கு இயற்கைக் காப்பாளர் ‘தந்தை, அவருக்குப் பிறகு தாய்’ என்று சொல்கிறது. அந்தப் ‘பிறகு’ என்பதற்கு ‘தந்தை இறந்த பிறகு’ என்று மட்டும் பொருளல்ல. அவர் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளாத நிலையையும் அது குறிக்கும் என்று 1999-ல் தீர்ப்பு வந்தது. பெரிய வெற்றிதான். ஆனால், அப்பா பொறுப்பாக வந்து பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்கும் குடும்பத்தில் இந்தத் தீர்ப்பைக் காட்டி அவர் சம்மதத்தை ஒதுக்கிவிட முடியாது.

இன்னொரு சிக்கல், விசா. ஷெங்கன் நாடுகள், ஆஸ்திரேலியா போன்றவை பிள்ளையின் விசாவுக்கே மற்றவரின் ஒப்புதலைக் கேட்கின்றன. ஆஸ்திரேலியாவில் இதற்கென்றே 1229 என்ற எண்ணில் ஒரு படிவம் இருக்கிறது. ஒப்புதல் இல்லாவிட்டால், அதற்குப் பதிலாக நீதிமன்ற உத்தரவைக் காட்ட வேண்டிவரும். ஆக, இங்கே நீதிமன்றப் படியேறாமல் தப்பித்தாலும், அங்கே அந்தக் காகிதம் தேவைப்படலாம்.

கோவைக்கு வந்த இரண்டு சிறுமிகள்

இது எதிர்த்திசைப் பயணம். வெளிநாட்டில் வாழும் தம்பதிக்குள் பிரச்னை. ‘லீவுக்கு ஊருக்குப் போறோம்’ என்று வந்து, அப்படியே இங்கே தங்கிவிடுவது. நம் ஊரில் இது நிறையவே நடக்கிறது. பாட்டி வீடு இருக்கிறது, பக்கத்திலேயே பள்ளி இருக்கிறது, வேறென்ன வேண்டும் என்றுதான் தோன்றும்.

இந்தியாவைப் பூர்வீகமாகக் கொண்ட ஒரு தம்பதி இங்கிலாந்தில் வசித்தார்கள். 2012 ஆகஸ்ட்டில் அம்மா, இரண்டு மகள்களோடு கோவைக்கு வந்தார். இங்கேயே விவாகரத்து மனு போட்டார். அப்பா இங்கிலாந்து நீதிமன்றத்துக்குப் போய், பிள்ளைகளைத் திருப்பி அனுப்பச் சொல்லி உத்தரவு வாங்கினார். சென்னை உயர் நீதிமன்றத்தில் அவர் போட்ட மனு தள்ளுபடியானது. உச்ச நீதிமன்றமோ 2015 பிப்ரவரியில் பிள்ளைகளை இங்கிலாந்துக்கு அழைத்துப்போகச் சொன்னது. பயணச் செலவையும் அங்கே தங்கும் செலவையும் அப்பா ஏற்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. அதற்குள் இரண்டரை வருடம் ஓடிவிட்டது. ஒரு பிள்ளைக்கு அது எவ்வளவு நீளமான காலம் என்பது அம்மாக்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

2017-ல் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு, இன்னொரு வழக்கில் இந்தப் பார்வையை மாற்றியது. வெளிநாட்டு நீதிமன்றத்தின் உத்தரவு, கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டிய விஷயங்களில் ஒன்று மட்டுமே. பிள்ளையின் நலன்தான் எல்லாவற்றுக்கும் மேலே என்றது. அந்த வழக்கில் இதயக் கோளாறு இருந்த சிறுமி, அம்மாவோடு இந்தியாவிலேயே இருந்தாள். ‘அப்பாடா’ என்று மூச்சுவிட்டவர்களுக்கு 2020-ல் மறுபடி ஒரு தீர்ப்பு வந்தது. அமெரிக்காவிலிருந்து அம்மா அழைத்துவந்த சின்னக் குழந்தையைத் திரும்ப அங்கே கொண்டுபோகச் சொன்னது. ஆக, ‘இந்தியாவுக்கு வந்துவிட்டால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது’ என்று உறவினர்கள் சொல்வதை நம்பிக் கிளம்பாதீர்கள்.

இதில் அந்தந்த நாட்டுச் சட்டமும் சேர்ந்துகொள்கிறது. அமெரிக்காவில், மற்றவரின் உரிமையைத் தடுக்கும் நோக்கத்தோடு பிள்ளையை நாட்டைவிட்டு அழைத்துப்போனால் 3 ஆண்டுவரை சிறை என்று 1993-லிருந்தே சட்டம் இருக்கிறது. பிரிட்டனிலும் அது குற்றம்; பிள்ளை தன்னோடு வசிக்க நீதிமன்ற உத்தரவு வைத்திருப்பவருக்கு மட்டும் 28 நாள்கள் வரை விலக்கு உண்டு. 1980-ம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையில் நூறுக்கும் மேற்பட்ட நாடுகள் இருக்கின்றன. சிங்கப்பூர் இருக்கிறது, இலங்கை இருக்கிறது. சம்மதமில்லாமல் கொண்டுபோன பிள்ளையை, அது வழக்கமாக வசித்த நாட்டுக்கே சீக்கிரம் திருப்பி அனுப்பச் சொல்வதுதான் அந்த உடன்படிக்கையின் வேலை.

இந்தியா அதில் சேரவில்லை. சேரச் சொல்லி 2009-ல் சட்ட ஆணையம் பரிந்துரைத்தது. 2016-ல் ஒரு மசோதாவின் வரைவே தயாரானது. அடி, உதைக்குப் பயந்து பிள்ளையோடு ஊருக்கு ஓடிவரும் பெண்களை அது மறுபடி அதே இடத்துக்குத் தள்ளிவிடும் என்று எதிர்ப்பு எழுந்தது. எதிர்ப்பில் நியாயம் இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன். ஆனால் சேராததால் ஒவ்வொரு வழக்கும் தனித்தனியாக, ஆட்கொணர்வு மனுவாக, வருடக்கணக்கில் இழுக்கிறது என்பதும் உண்மை.

கேட்டுவிட்டுப் போனவர்கள்

டெல்லியில் ஒரு தம்பதி பரஸ்பர சம்மதத்தோடு விவாகரத்து பெற்றார்கள். மகன் அம்மாவிடம், அப்பா வந்து பார்க்கலாம் என்று ஏற்பாடு. அம்மாவுக்கு ஆஸ்திரேலியாவில் வேலை கிடைத்தது. மகனை அழைத்துப்போக நீதிமன்றத்தில் அனுமதி கேட்டார். அப்பா எதிர்த்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. நீதிபதிகள் பையனைத் தங்கள் அறைக்கு அழைத்துப் பேசினார்கள். அம்மாவோடு இருக்கவே விரும்புவதாக அவன் சொன்னான். பிள்ளையா, வேலையா என்று இரண்டில் ஒன்றைத் தேர்வு செய்யும்படி ஒரு பெண்ணைக் கேட்க முடியாது என்று சொல்லி, 2010 மார்ச்சில் அனுமதி கொடுத்தார்கள். அப்பா பார்ப்பதற்கான ஏற்பாட்டையும் புதிதாக மாற்றி அமைத்தார்கள்.

பெங்களூரில் வசித்த இன்னோர் அம்மா, மகனோடு சிங்கப்பூர் போக அனுமதி கேட்டுப் போராடினார். கீழ் நீதிமன்றங்களில் கிடைக்கவில்லை. 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் நிபந்தனைகளோடு அனுமதித்தது. அப்பாவோடு வீடியோ காலில் பேசுவதும், நேரில் சந்திப்பதும் அந்த நிபந்தனைகளில் முக்கியமானவை. அதே ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்கக் குழந்தை வழக்கில், பிள்ளை யாரோடு இல்லையோ அவர் தினமும் 5 முதல் 10 நிமிடமாவது பிள்ளையோடு பேச உரிமை வேண்டும் என்று அதே நீதிமன்றம் சொல்லியிருந்தது.

அதனால் மனு எழுதும்போது ‘நான் ஏன் போக வேண்டும்’ என்று பத்துப் பக்கம் எழுதுவதைவிட, ‘நாங்கள் போன பிறகு பிள்ளைக்கும் அவருக்கும் உறவு எப்படித் தொடரும்’ என்று இரண்டு பக்கம் தெளிவாக எழுதுவதில்தான் அதிகப் பலன்.

பலர் சொதப்புவது இந்த இடத்தில்தான். ‘தினமும் வீடியோ கால்’ என்று எழுதிவிடுவார்கள். டொரொன்டோவில் பிள்ளை சாயந்திரம் 4 மணிக்குப் பள்ளியிலிருந்து வரும்போது, மதுரையில் நள்ளிரவு தாண்டி 1.30. குளிர்காலத்தில் 2.30. எந்த அப்பா தினமும் விழித்திருப்பார்? மாறாக, அங்கே காலை 7.30-க்குப் பள்ளிக்குக் கிளம்பும் முன் என்றால் இங்கே மாலை 5 அல்லது 6. இது நடக்கக்கூடியது. சிங்கப்பூர் என்றால் தொல்லை இல்லை. வித்தியாசம் இரண்டரை மணி நேரம்தான். விடுமுறையும் அப்படியே. ‘கோடை விடுமுறைக்கு அனுப்புவேன்’ என்று எழுதினால், ஆஸ்திரேலியப் பள்ளிகளுக்கு நீண்ட விடுமுறை டிசம்பர், ஜனவரியில் வருகிறது; நம்மூர் மே மாதத்தில் அங்கே வகுப்பு நடந்துகொண்டிருக்கும். டிக்கெட் செலவு யாருடையது, பிள்ளையோடு விமானத்தில் யார் வருவார்கள், தாத்தா பாட்டி எப்போது பார்க்கலாம், தமிழ் படிக்க என்ன ஏற்பாடு என்பதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும்.

ஏற்கெனவே நீதிமன்ற உத்தரவு இருந்தால் அதை மாற்றக் கேட்டுத்தான் போக வேண்டும். நீதிமன்றம் ஒருவரைக் காப்பாளராக நியமித்திருந்தால், அனுமதியில்லாமல் பிள்ளையை அந்த நீதிமன்றத்தின் எல்லையைத் தாண்டி அழைத்துப்போக 1890-ம் ஆண்டின் காப்பாளர் சட்டம் 26-வது பிரிவு தடை போடுகிறது. வழக்கு நடக்கும்போது சொல்லாமல் கிளம்பினால், மறுநாளே நீதிபதியின் பார்வை மாறிவிடும். வேலையில் சேரும் தேதியை மனுவிலேயே குறிப்பிட்டு அவசர விசாரணை கேட்கலாம்.

நீங்கள் இங்கேயே இருக்கப்போகிறவர் என்றால்...

சந்தேகம் வந்ததும் நேரே போய்ச் சண்டை போடாதீர்கள். பிள்ளையைப் பள்ளியிலிருந்து நீங்களாகத் தூக்கிவந்து ஒளித்துவைப்பது அதைவிட மோசம். பிள்ளை வழக்கமாக வசிக்கும் ஊரின் குடும்ப நீதிமன்றத்தில் மனு போட்டு, வழக்கு முடியும்வரை பிள்ளையை நாட்டைவிட்டு அழைத்துப்போகத் தடை கேட்கலாம். பாஸ்போர்ட்டை நீதிமன்றத்தில் ஒப்படைக்கவும் கேட்கலாம். அமெரிக்கக் குடியுரிமை உள்ள பிள்ளை என்றால், அவர்கள் பெயரில் புது பாஸ்போர்ட் விண்ணப்பம் வந்தால் பெற்றோருக்குத் தெரிவிக்கும் எச்சரிக்கைத் திட்டத்தை அந்நாட்டு அரசே நடத்துகிறது, அதில் பதிந்துவைக்கலாம்.

ஆனால் ஒன்று. எதிர்ப்பதற்கு முன், பிள்ளையின் வகுப்பு ஆசிரியர் யார், போன மாதம் காய்ச்சலுக்கு எந்த டாக்டரிடம் போனார்கள் என்று உங்களுக்கே தெரியுமா என்று யோசித்துப் பாருங்கள். ஜீவனாம்ச வழக்கில் பேரம் பேசுவதற்காகக் கையெழுத்தைப் பிடித்துவைக்கும் ஆண்களும் இருக்கிறார்கள். நீதிபதிகள் இதையெல்லாம் நிறையப் பார்த்தவர்கள். உண்மையிலேயே பிள்ளையைப் பிரிய முடியாதவர் என்றால், வாராவாரம் போய்ப் பார்த்ததும், ஃபீஸ் கட்டிய ரசீதும், பேரன்ட்ஸ் மீட்டிங்கில் போட்ட கையெழுத்தும் உங்களுக்காகப் பேசும்.

பிள்ளையிடம் யார் சொல்வது என்பதையும் முடிவு செய்யுங்கள். ‘அப்பாகிட்ட சொல்லாதே, சர்ப்ரைஸ்’ என்று ஆறு வயதுக் குழந்தையின் தலையில் ரகசியத்தை ஏற்றிவைக்காதீர்கள். அதே போல, நீதிபதி கேட்டால் இப்படிச் சொல் என்று ஒப்பிக்கப் பழக்காதீர்கள். மனப்பாடம் செய்த பதில் இரண்டாவது கேள்வியிலேயே உடைந்துவிடும்.

வீட்டில் அடி, மிரட்டல் என்ற நிலைமை இருந்தால் கணக்கே வேறு. அங்கே சம்மதம் கேட்டுக் காத்திருக்கச் சொல்வது ஆபத்து. முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போய்விடுங்கள். 2005-ம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில், பிள்ளையைத் தற்காலிகமாக உங்களிடமே ஒப்படைக்க மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். 21-வது பிரிவு அதற்குத்தான். வெளிநாட்டில் இருந்தால், விமானம் ஏறும் முன் அங்குள்ள காவல் துறையிலோ, மருத்துவமனையிலோ, இந்தியத் தூதரகத்திலோ நடந்ததைப் பதிவு செய்துவிட்டு, அந்தக் காகிதங்களின் நகலைக் கையோடு கொண்டுவாருங்கள். பின்னால் ‘ஏன் சொல்லாமல் வந்தாய்’ என்ற கேள்விக்கு அதுதான் பதில்.

வக்கீலுக்குப் பணமில்லை என்று யாரும் தயங்க வேண்டாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனு எழுதிக்கொடுத்தால் போதும். போனில் கேட்க 15100. பெண்கள் உதவிக்கு 181.