பொற்கெண்டை உணவகம்



ஒரு நாட்டின் இயல்பை அறிய விரும்புவோர் அதன் கோயிலையும் சந்தையையும் காண்பதோடு உணவகத்தையும் காணுதல் வேண்டும். மக்கள் உண்பதும் உறவாடுவதும் வழக்குத் தீர்ப்பதும் அங்கேதான். இன்று நான் எடுத்துக்கொண்ட உணவகமோ உலகப் படத்தில் எங்கும் இல்லாதது. ‘ஸ்லீப்பிங் டாக்ஸ்’ என்னும் கணினி விளையாட்டில் வரும் ‘கோல்டன் கோய்’ உணவகமே அது. பொற்கெண்டை என்று நாம் தமிழில் கூறலாம்.

கனடா நாட்டு வான்கூவரில் இயங்கிய யுனைடெட் பிரண்ட் கேம்ஸ் என்னும் நிறுவனம் ஆக்கிய இவ்விளையாட்டு 2012-இல் வெளிவந்தது. ஹாங்காங் நகரத்தையே திரைக்குள் அமைத்து, ஆடுவோன் விரும்பிய தெருவில் உலவ இடந்தருவது இதன் தன்மை. கொடுமைக் காட்சிகள் மிகுந்திருப்பதால், பதினெட்டு ஆண்டு நிரம்பியோர்க்கே உரியதென ஐரோப்பியத் தரக் குழு இதனை வகுத்துள்ளது. ஆயினும் இதன் கதை ஆராய்தற்குரியது.

கதைத் தலைவன் வேய் ஷென் ஒரு காவலன். ‘டிரையட்’ எனப்படும் குற்றக் கூட்டம் ஒன்றினுள் உறுப்பினன்போல் நுழைந்து உளவறிவது அவன் பணி. அக்கூட்டத்தின் ஒரு பிரிவுக்குத் தலைவன் வின்ஸ்டன் சூ. பொற்கெண்டை உணவகமே அவன் இருப்பிடம்; சமையலறையை ஆள்பவர் அவன் தாயார். உளவு பார்க்க வந்தவன் உணவும் பரிவும் பெறுகிறான். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்வதா, ஏற்ற கடமையைக் கைவிடுவதா என்னும் போராட்டம் அவன் உள்ளத்தில் எழுகிறது. பின்னர் மணநாளிலேயே மகனும் மருமகளும் கொல்லப்பட, பலருக்கும் அன்னம் படைத்த அத்தாய், காரணமானவனைத் தம் அடுக்களைக் கத்தியாலேயே பழி தீர்க்கிறார். அடுக்களை கொலைக்களம் ஆகிறது.

இக்கற்பனையில் உண்மையின் கூறுகள் எவை எனக் காண்போம். முதலில் பெயர். சீன மொழியில் மீனைக் குறிக்கும் சொல்லும் மிகுதியைக் குறிக்கும் சொல்லும் ஒலியால் ஒன்றே. ஆதலின் மீன் செல்வத்தின் அடையாளம். புத்தாண்டு விருந்தில் அதற்குத் தனி இடமுண்டு. மஞ்சளாற்றின் வெள்ளத்தை எதிர்த்து நீந்தி, ‘நாகவாயில்’ என்னும் அருவியைத் தாவிக் கடக்கும் கெண்டை, பறவைபோல் விண்ணேகும் நாகமாக மாறும் என்பது பழங்கதை. தேர்வில் வென்றோரை அக்கெண்டையோடு ஒப்பிடுதல் சீன மரபு. உழைத்து உயர விழையும் வணிகர்க்கு இதனினும் ஏற்ற பெயர் ஏது?

அடுத்து, நகரத்தின் வழக்கம். ஹாங்காங் உணவகங்கள் பலவற்றில் குவான் யூ என்னும் பண்டைப் படைத்தலைவரைத் தெய்வமாக வைத்து வழிபடுவர். வாய்மைக்கும் நட்பின் உறுதிக்கும் அவர் சான்று. வியப்பு யாதெனில், அந்நகரத்துக் காவல் நிலையங்களிலும் அவருக்கு மாடம் உண்டு. டிரையட் கூட்டத்தாரும் அவரையே வணங்குவர். திருடனும் காவலனும் ஒரே தெய்வத்தின் முன் நிற்கும் நகரத்தில், வேய் ஷென்னின் மனப்போராட்டம் இயற்கையாகவே பொருந்துகிறது.

இனி, உண்மை திரிபுறும் இடத்துக்கு வருவோம். விளையாட்டில் உணவகமும் குற்றக் கூட்டமும் ஒரே குடும்பம். நடைமுறையிலோ, கூட்டத்தாரின் கொடுமைக்கு இரையானோர் சிறு கடைக்காரரே. ‘பாதுகாப்புப் பணம்’ என்ற பெயரில் அவர்களிடம் தண்டல் நடந்தது. காவலர் சிலரும் கையூட்டுப் பெற்றனர். இந்நிலையை மாற்றவே 1974-இல் ஊழல் தடுப்புக்கெனத் தனி ஆணையம் ஹாங்காங்கில் நிறுவப்பட்டது. டிரையட் உறுப்பினன் என்று ஒருவன் சொல்லிக்கொள்வதே அங்கே சட்டப்படி குற்றம். இவ்விளையாட்டிலும் இரவுச் சந்தைக் கடைக்காரரிடம் பணம் பறிக்கும் பகுதி ஒன்று உண்டு. ஆனால் ஆடுவோன் அங்கே பறிப்பவனாக நிற்கிறான். பறிகொடுப்பவனின் கண்ணால் அதனைக் காண்பதில்லை. ஆட்டத்தின் விறுவிறுப்பில், விடியுமுன் எழுந்து மாவு பிசைந்து, நள்ளிரவில் கடை கழுவும் உழைப்பாளி பின்னணிப் பொம்மை ஆகிவிடுகிறான்.

இதனால் விளையும் தீங்கு சிறிதன்று. சீன உணவகம் என்றாலே பின்கட்டில் கத்தியும் கள்ளப்பணமும் இருக்கும் என்ற எண்ணம், திரைப்படங்களும் விளையாட்டுகளும் திரும்பத் திரும்பக் காட்டியதால் வளர்ந்தது. ஓர் இனத்தாரின் சமையலறையை ஐயத்தோடு நோக்குபவன், அவ்வினத்தாரையும் ஐயத்தோடு நோக்கத் தொடங்குவான்.

கற்பனையைக் கற்பனையாகத் துய்ப்பதில் பிழையில்லை. ஆனால் அதனைக் கொண்டு மக்களை அளத்தல் கூடாது. திரையில் ஒரு கடையைக் காணும்போது, “இதன் அடுப்பை மூட்டியவர் யார்? அவர் கதையைச் சொன்னவர் உண்டா?” என்று வினவிப் பாருங்கள். அவ்வினாவே கல்வியின் பயன்.