நில எல்லைத் தகராறு

நில எல்லைத் தகராறு என்பது அடுத்தடுத்த நிலங்கள் அல்லது மனைகளின் உரிமையாளர்களுக்கு இடையே எல்லைக்கோடு, வழி, நீர்ப்போக்கு, சேதம் ஆகியவை குறித்து எழும் பிணக்கு ஆகும். காஞ்சிபுரம் மாவட்டத்தின் பழையசீவரம், உத்திரமேரூர் போன்ற பாசன ஊர்களில் வரப்பும் வாய்க்காலுமே பெரும்பாலும் எல்லையாக இருப்பதால், அவற்றை வெட்டுவதும் நகர்த்துவதும் இத்தகைய பிணக்குகளுக்குக் காரணமாகின்றன.

வரலாறு

சோழர் காலத்தில் நிலக்கொடை அளிக்கும்போது பெண்யானையை எல்லையைச் சுற்றி நடத்தி, கல்லும் கள்ளியும் நட்டு எல்லை வரையறுக்கப்பட்டதைச் செப்பேடுகள் குறிப்பிடுகின்றன. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921), வாரிய உறுப்பினராவதற்கு வரி செலுத்தும் கால் வேலி நிலமும் சொந்த மனையில் கட்டிய வீடும் இருக்க வேண்டும் என விதிக்கின்றன.

எல்லையை அறிதல்

ஒவ்வொரு புல எண்ணுக்கும் உரிய புலப்படத்தில் எல்லைக்கோடுகளின் நீளமும் அளவைக் கற்களின் இடமும் காணப்படும். உரிமையாளர் விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்தினால், நில அளவர் அண்டை நிலத்தாருக்கு அறிவிப்புக் கொடுத்து, புலப்படத்தின்படி அளந்து எல்லையைக் காட்டுவார். அரசு நட்ட அளவைக் கல்லை அகற்றுவது தண்டனைக்குரிய குற்றமாகும்.

தமிழ்நாடு நில அளவை மற்றும் எல்லைகள் சட்டம், 1923-இன்படி நில அளவை நடைபெறும்போது, பிணக்குக்கு உள்ளான எல்லையை அளவை அலுவலர் இரு தரப்பையும் விசாரித்து முடிவு செய்வார். அம்முடிவின்மீது மூன்று மாதங்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அளவை முடிந்ததாக அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடரலாம். பட்டா ஒரு வருவாய் ஆவணமே. சொத்துரிமையை இறுதியாக முடிவு செய்வது உரிமையியல் நீதிமன்றமே ஆகும்.

வழியும் நுழைவும்

பிறர் நிலத்தின் வழியே செல்லும் உரிமை, இந்திய வசதியுரிமைச் சட்டம், 1882-இல் அடங்கும். ஒரே சொத்து பாகம் பிரிக்கப்பட்டு, ஒரு பாகத்திற்கு வேறு வழியே இல்லாமற் போனால், அவசிய வழியுரிமை உண்டாகிறது. அவசியம் நீங்கியதும் அவ்வுரிமையும் நீங்கும். தடையின்றி, வெளிப்படையாக, உரிமையாகக் கருதி 20 ஆண்டுகள் பயன்படுத்திய வழியும் உரிமையாகலாம். அரசு நிலமாயின் இக்காலம் 30 ஆண்டுகள் ஆகும். உரிமையாளரின் அனுமதியால் மட்டும் நடந்துவந்த வழிக்கு இது பொருந்தாது.

அண்டை நிலத்தில் குழாய் பதிக்கும் உரிமை உள்ளவர், அதைப் பழுதுபார்க்க அந்நிலத்தில் நுழைந்து தோண்டலாம். ஆனால் இயன்றவரை இடையூறின்றிச் செய்து, தோண்டிய இடத்தைப் பழையபடி சீராக்க வேண்டும். வழி மறிக்கப்பட்டால், உரிமை பெற்றவர் தடையைத் தாமே அகற்றுவதை இச்சட்டத்தின் 36-ஆம் பிரிவு அனுமதிப்பதில்லை. வேலியைப் பிடுங்குபவர், நியாயம் தம் பக்கம் இருந்தாலும், தாமே வழக்கில் சிக்க நேரிடும்.

சேதம்

மேட்டு நிலத்தில் பெய்த மழைநீர் இயல்பாகப் பள்ள நிலத்திற்கு வழிவதைப் பள்ள நிலத்தார் ஏற்க வேண்டும். நிலத்தின் இயல்பான பிடிமானம் சரியும்படி அண்டையில் ஆழமாகத் தோண்டுவது உரிமை மீறலாகும்.

ஏரிகள் உடைந்து இரயில்பாதை சேதமடைந்ததற்காக மதராஸ் இரயில்வே நிறுவனம் கார்வேட்டிநகர ஜமீன்தார்மீது தொடுத்த வழக்கை 1874-இல் பிரிவி கவுன்சில் விசாரித்தது. வேளாண்மைக்கு இன்றியமையாத பழைய ஏரிகளைப் பேணுவது ஜமீன்தாரின் கடமை என்பதால், கவனக்குறைவு மெய்ப்பிக்கப்பட்டாலன்றி அவர் பொறுப்பாகார் என அது தீர்ப்பளித்தது.

தீர்வு முறைகள்

- நிழற்படம், புலப்படம், பத்திரம் ஆகியவற்றைத் திரட்டி, எழுத்து மூலம் அறிவிப்பு அனுப்புதல்.
- உரிமையியல் நீதிமன்றத்தில் உறுத்துக் கட்டளை அல்லது இழப்பீடு கோருதல். தேவைப்பட்டால் நீதிமன்றம் வழக்கறிஞர் ஆணையரை அனுப்பி இடத்தைப் பார்வையிடச் செய்யும்.
- நிலத்திலிருந்து சட்டத்திற்குப் புறம்பாக வெளியேற்றப்பட்டவர், உரிமையை மெய்ப்பிக்காமலே, ஆறு மாதங்களுக்குள் அனுபவத்தை மீட்க வழக்கிடுதல்.
- மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் செய்தல். இதன் தீர்வு நீதிமன்றத் தீர்ப்பாணைக்கு இணையானது. இதற்கு மேல்முறையீடு இல்லை.
- அமைதி குலையும் நிலை ஏற்பட்டால், 2024 சூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின்படி நிர்வாக நடுவர் தலையிடுதல். இவர் சொத்துரிமையை முடிவு செய்வதில்லை.

இவற்றையும் பார்க்க

- பட்டா
- புலப்படம்
- உத்திரமேரூர்க் கல்வெட்டுகள்